சொல்லட்டுமா, வேண்டாமா?

புதிர்ப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் நண்பர்களோடு உட்கார்ந்து புதிர் போடுவதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். வெறும் விடை கேட்டு வந்தவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தேனியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொல்லும் கதைப் புதிர்களை நான் படித்து வந்து போடுகிறேன். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் சலிப்பு வந்து, “விடையைச் சொல்லிடு” என்கிறார்கள். நானும் சொல்லிவிடுகிறேன். எங்கே தப்பு?

சொல்லிவிடுகிறீர்களே, அங்கேதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நடத்தும் விதம்.

‘லேட்டரல் திங்கிங்’, அதாவது பழகிய வழியை விட்டு வேறு பக்கமிருந்து யோசிப்பது, என்ற சொல்லை 1967-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் எட்வர்ட் டி போனோ, மால்ட்டாவில் பிறந்த மருத்துவர். இந்தக் கதைப் புதிர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் இவற்றைக் ‘கடலாமை சூப்’ என்கிறார்கள். ஒருவர் உணவகத்தில் சூப் குடிப்பதில் தொடங்கும் பழைய புதிர் ஒன்றிலிருந்து வந்த பெயர். ஆட்டம் எங்கும் ஒன்றுதான். விசித்திரமான ஒரு நிலைமையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு அதன் பின்னாலுள்ள கதையைத் தோண்டி எடுக்க வேண்டும்.

லிஃப்ட் புதிரையே எடுத்துக்கொள்வோம். பத்தாவது மாடியில் குடியிருக்கும் ஒருவர் தினமும் காலையில் லிஃப்டில் கீழே வந்து வெளியே போகிறார். திரும்பும்போது ஏழாவது மாடியில் இறங்கி, மிச்ச மூன்று மாடியைப் படியேறிப் போகிறார். லிஃப்டில் வேறு யாராவது இருந்தால் நேராகப் பத்துக்கே போய்விடுவார். மழை நாளிலும் அப்படித்தான். ஏன்?

முதல் கேள்விகள் எல்லாக் கூட்டத்திலும் ஒரே மாதிரி வரும். லிஃப்ட் பழுதா? இல்லை. உடற்பயிற்சிக்காகவா? இல்லை. ஏழாவது மாடியில் யாரையாவது பார்க்கப் போகிறாரா? இல்லை. இப்படி ஐந்தாறு ‘இல்லை’ விழுந்ததும் கூட்டம் வாடும். புதிர் போடுபவர் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டோடு ‘அதற்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்ற பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்ற பக்கம் போய் அரைமணி நேரத்தைத் தொலைக்காமல் இருக்க அது உதவும்.

நான்காவதாக ஒரு பதிலும் வேண்டும். “மனைவிக்குப் பயந்துதான் படியேறுகிறாரா?” என்று ஒருத்தி கேட்கிறாள். நீங்கள் ‘இல்லை’ என்றால், அவருக்கு மனைவி இருக்கிறார், ஆனால் பயமில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இல்லாத ஒரு மனைவியைக் கதைக்குள் நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். “அந்தக் கேள்வியே பொருந்தாது” என்று சொல்லுங்கள். கேட்டவள் தான் எதை நம்பிக்கொண்டு கேட்டாள் என்று யோசிப்பாள். பெரும்பாலும் அங்கேதான் கதவு திறக்கும்.

அப்புறம் யாராவது மெதுவாக, “மழை நாளில் அவர் கையில் ஏதாவது இருக்குமா?” என்பார்கள். “ஆம். நல்ல கேள்வி” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த இரண்டு சொல் போதும், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். குடை! குடையை வைத்து என்ன செய்வார்? பொத்தானை அழுத்துவார். கையால் அழுத்த முடியாதா? எட்டாது! தரைத்தளப் பொத்தான் கீழே இருப்பதால் இறங்கும்போது சிக்கல் இல்லை. ஏழு வரைதான் கை எட்டுகிறது. அவர் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன்.

பொதுவாக இந்தப் புதிரில் வருபவர் உயரம் குறைந்த பெரியவர். நான் பையனாக மாற்றிவிட்டேன். கூட்டத்தில் உயரம் குறைந்த ஒருவர் இருந்தால், எல்லோரும் விடையைக் கண்டுபிடித்துச் சிரிக்கும் நேரத்தில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்த விலை கொடுத்து ஒரு புதிர் வேண்டாம். பையனாக மாற்றியதில் புதிருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

கேள்விகள் வட்டமாகச் சுற்றி வரட்டும், ஆளுக்கு ஒன்று. இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிற இருவர் மட்டுமே விளையாடுவார்கள். நான் பார்த்தவரை, மழையைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் அதுவரை வாய் திறக்காத ஆள்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வெளியூர் போன் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இரவு டூட்டி பார்த்தவள். நள்ளிரவுக்கு அப்புறம் கால்கள் குறையும். தூக்கம் வராமலிருக்க அடுத்த போர்டில் இருக்கும் தோழி புதிர் போடுவாள். இரண்டு கேள்வி கேட்பதற்குள் விளக்கு எரியும். யாரோ ஒருவருக்குப் பம்பாய்க்கு லைட்னிங் கால், அதாவது உடனே இணைக்க வேண்டிய அவசர அழைப்பு, வேண்டும். இணைத்துக் கொடுத்து, மூன்று நிமிடம் முடிந்ததைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். சில புதிர்கள் விடியும்வரை இழுக்கும். கெஞ்சினாலும் அவள் விடையைச் சொன்னதில்லை. ஆனால் என்னை அப்படியே விட்டுவிட்டுப் போனதும் இல்லை. “குடையைப் பத்திக் கேட்டியே, அதை ஏன் பாதியில விட்டே? அங்கேயே திரும்பிப் போ” என்பாள். நான் கேட்ட எல்லாவற்றையும் எனக்காக அவள் நினைவில் வைத்திருந்தாள்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். “சொல்லிடு” என்று கேட்டால் விடையைச் சொல்லாதீர்கள். அவர்கள் இதுவரை கண்டுபிடித்ததை வரிசையாகச் சொல்லுங்கள். “லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, அவர் யாரையும் பார்க்கப் போகவில்லை, கூட ஆள் இருந்தால் பத்து வரை போகிறார்” என்று அடுக்கினாலே புதுக் கேள்வி பிறக்கும். அதற்கும் மசியவில்லையென்றால் நாளை இரவுக்குத் தள்ளி வையுங்கள். மறுநாள் குளியலறை வரிசையில் நிற்கும்போது ஒருத்தி ஓடிவந்து விடை சொல்வாள். அந்த முகத்தைப் பார்க்கும் வாய்ப்பை நீங்கள் இவ்வளவு நாளாக இழந்துகொண்டிருக்கிறீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: இந்த வகைப் புதிர்களில் எப்போதும் யாராவது செத்துக் கிடக்கிறார்கள். வயல் நடுவே பிணம், பக்கத்தில் பிரிக்காத மூட்டை. விடை, திறக்காத பாராசூட். வீட்டில் வயதான அம்மாவும் குழந்தைகளும் இருக்கிறார்கள். சாவு இல்லாத புதிர் உண்டா?

உண்டு, தாராளமாக. ஏதோ ஒன்று இடிக்க வேண்டும், அவ்வளவுதான். பிணம் இருந்தால் சுலபமாக இடிக்கும் என்பதால் எழுதுகிறவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். எனக்கும் அது பிடிப்பதில்லை. துக்கம் நடந்த வீட்டில் விளையாட முடியாத விளையாட்டு எதற்கு?

இதோ ஒன்று, எங்கள் தெருவில் பார்த்ததை வைத்து நானே கட்டியது. எதிரெதிர் வீட்டுக்காரப் பெண்கள் இருவர் காலையில் ஒரே நேரத்தில் வாசலில் கோலம் போட்டார்கள். மழை இல்லை, காற்று இல்லை. யாரும் மிதிக்கவில்லை, கூட்டவில்லை. மாலையில் ஒரு கோலம் அப்படியே இருக்கிறது. மற்றதில் பாதியைக் காணோம். அந்த வீட்டுக்காரிக்கு அதில் ஒரே சந்தோஷம். ஏன்? உங்கள் அம்மா உடனே சொல்லிவிடுவார். முதலாமவர் போட்டது கடையில் வாங்கிய கல்மாவு. அடுத்தவர் போட்டது பச்சரிசி மாவு. எறும்புகள் இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன, அவர் போட்டதும் அதற்காகத்தான். குழந்தைகள் திணறும்போது பாட்டி முந்திக்கொள்ளும் புதிர்கள் வீட்டில் சில இருக்க வேண்டும்.

இன்னொன்று பழையது, என் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்தது. லாட்ஜில் தங்கியிருக்கும் ஒருவர் இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து அறைக்கு போன் செய்கிறார். அங்கே ஒருவர் எடுத்து “ஹலோ” என்கிறார். இவர் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போகிறார். பக்கத்து அறைக்காரரின் குறட்டை நின்றுவிட்டது!

சின்னவர்களுக்கு: டவுன் பஸ்ஸில் ஒருவர் ஏறினார். அவரிடம் டிக்கெட் இல்லை, பாஸ் இல்லை. கண்டக்டர் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போனார். அவர் டிரைவர்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பாட்டி: என் பேத்திக்கு விடுகதை சொல்லத் தொடங்கினால், அதில் வரும் உரல், உலக்கை, ஏற்றம் ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. அவளோடு விடுகதை போட முடியாதா?

முடியும் அம்மா. தெரியாத பொருளுக்கு விடுகதை போட்டால் அது குழந்தைக்குப் பரீட்சை ஆகிவிடும். கண்ணெதிரே இருந்தும் தோன்றாமல் போவதில்தான் விடுகதையின் சுகம். ஆகவே அவள் கண்ணெதிரே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தேன்கூடு இன்னும் இருக்கிறது: ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்’. வாய்க்குள் பல் இருக்கிறது. தீக்குச்சி இருக்கிறது: ‘வெள்ளைக்காரனுக்குக் கறுப்புத் தொப்பி’. வெண்டைக்காய் நறுக்கும்போது ‘பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்து’ என்று போடுங்கள். காயை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போடுங்கள். பலாப்பழம் வாங்கும் நாளில் ‘அம்மா சடைச்சி, அப்பன் சொறியன், பிள்ளை சர்க்கரைக்கட்டி’.

நெல்லுக்கு ஒரு விடுகதை உண்டு: ‘பூப்பூக்கும், காய் காய்க்கும், காக்கா உட்காரக் கிளை இல்லை’. இதை வீட்டில் வைத்துச் சொன்னால் அவளுக்கு ஏறாது. பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது ஜன்னலோரம் வயல் வரும்வரை காத்திருந்து, வயலைக் காட்டாமல் சொல்லுங்கள். கண் தானாக வெளியே போய்த் தேடும்.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. விடுகதையைத் தொல்காப்பியம் ‘பிசி’ என்கிறது. செய்யுளியலில் அதை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று, ஒப்புமை வைத்துச் சொல்வது. மற்றது, கண்ணில் படுகிற தன்மையைச் சொல்லிப் பொருளை ஊகிக்கவைப்பது. முதல் வகைக்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு ‘பிறை கவ்வி மலை நடக்கும்’. யானை! தந்தம் பிறை, உடம்பு மலை. இரண்டே ஒப்புமைதான், ஒரு யானையே நடந்து வந்துவிட்டது. வழி இவ்வளவு எளிது என்பதால், உங்கள் பேத்தியையே புது விடுகதை கட்டச் சொல்லுங்கள். வீட்டுச் சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு வாய், கை, கால் எது, கோபம் எது என்று கேட்டாலே போதும்.

எங்கள் வீட்டுக்கு வரும் குழந்தைகளோடு கட்டிய இரண்டைச் சொல்கிறேன். ‘கோபம் வந்தால் விசில் அடிப்பாள், கோபம் அடங்கினால்தான் வாய் திறப்பாள்’ – குக்கர். ‘மூன்று கைக்காரன் தலைகீழாய்த் தொங்குவான், அவன் தூங்காமல் சுற்றினால் நமக்குத் தூக்கம்’ – மின்விசிறி. இரண்டாவதில் ‘அவன் தூங்காமல்’ என்ற சொற்களைச் சேர்த்தது நான்காம் வகுப்புக் குழந்தை. அவள் சேர்த்த அப்புறம்தான் அது விடுகதையாயிற்று. உங்கள் பேத்தி கட்டியதை அவள் கையெழுத்திலேயே அனுப்பிவையுங்கள். உரலும் உலக்கையும் அவளாகவே கேட்கும் நாள் வரும். அன்றைக்கு எடுத்துக் காட்டலாம்.

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்: ‘ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள் வரமாட்டான்’ என்றேன். விடை செருப்பு. என் நண்பர் தபால்காரர் என்றார். ஏற்கலாமா?

அவசியம் ஏற்க வேண்டும். தபால்காரர் ஊரெல்லாம் சுற்றுகிறார், வாசலோடு நின்றுவிடுகிறார். எல்லாச் சொல்லும் பொருந்துகிறதே! “பொருந்துகிறது. என்னிடம் வேறொன்று இருக்கிறது, அதையும் தேடுங்களேன்” என்று சொல்லுங்கள். “தப்பு” என்ற சொல் அங்கே வரவே கூடாது. புத்தகத்தில் அச்சான விடைக்காக, கண்ணெதிரே ஒருவர் யோசித்துச் சொன்னதைத் தள்ளுவது நியாயமில்லை.

சரிபார்க்க ஒரே வழிதான்: விடுகதையின் ஒவ்வொரு சொல்லையும் அந்த விடையோடு ஒட்டிப் பாருங்கள். ஒரு சொல் மிச்சம் நின்றாலும் விடை சேரவில்லை. ஒரே பாட்டில் இரண்டு பொருளை உட்கார வைப்பதைக் காளமேகப் புலவர் வேண்டுமென்றே செய்தார். பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து அவர் பாடிய வெண்பாவில் பாம்பும் ஆடிக் குடத்தில் அடைகிறது, செக்கில் ஆட்டிய எண்ணெயும் குடத்தில் அடைகிறது; ‘பிண்ணாக்கு’ என்ற ஒரே சொல் அதற்குப் பிளவுபட்ட நாக்கு, இதற்கு எண்ணெய் எடுத்த சக்கை. ஒரு சொல்கூட மிச்சம் நிற்காது. உங்கள் நண்பரிடம் அந்தக் கண் இருக்கிறது. அடுத்த புதிரை அவரையே போடச் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: 17 ஒட்டகங்களை மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, இளையவனுக்கு ஒன்பதில் ஒரு பங்கு என்று பிரிக்கும் புதிரில், ஒருவர் தன் ஒட்டகத்தைச் சேர்த்து 18 ஆக்கிப் பிரித்துவிட்டுத் தன்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார். கணக்கு எப்படிச் சரியாகிறது?

9, 6, 2 என்று பிரிகிறது; கூட்டினால் 17. அப்பா சொன்ன பங்குகளைக் கூட்டிப் பாருங்கள்: பதினெட்டில் பதினேழுதான் வருகிறது. முழுச் சொத்தையும் அவர் பிரிக்கவே இல்லை. பதினெட்டில் ஒரு பங்கு யாருக்கும் சொல்லப்படாமல் தொங்குகிறது. கடன் வந்த ஒட்டகம் அந்த இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது. நண்பர்களுக்குப் போடும்போது 17 புளியங்கொட்டையைத் தரையில் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கையால் நகர்த்தினால் கணக்குக்குப் பயப்படுகிறவர்களும் விளையாட வருவார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியாளர்: வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசையில் இருக்கும் ஒன்பது புள்ளிகளை நான்கு நேர்கோட்டில், கை எடுக்காமல் இணைக்கும் புதிரை அலுவலக நண்பர்களுக்குப் போட்டேன். “கட்டத்துக்கு வெளியே போகலாம்” என்று குறிப்பும் கொடுத்தேன். அப்படியும் யாருக்கும் வரவில்லை. குறிப்புக் கொடுத்தும் ஏன் வரவில்லை?

அந்தக் குறிப்பு பலருக்கும் போதுவதில்லை. இந்தப் புதிர் அமெரிக்காவின் சாம் லாயிட் என்ற புதிர்க்காரரின் புதிர்த் தொகுப்பில் 1914-இலேயே அச்சாகியிருக்கிறது. வெளியே போகத் தோன்றாததுதான் ஒரே தடை என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். 1981-இல் வெய்ஸ்பெர்க், ஆல்பா என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். வெளியே போகலாம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் பெரும்பாலோருக்கு விடை வரவில்லை. வெளியே போகலாம், சரி. எங்கே போவது, எங்கே திரும்புவது?

குறிப்பில் நான் பார்ப்பது இதைத்தான்: அது கேட்பவரின் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். இந்தப் புதிருக்கு நான் கொடுப்பது, “மேல் இடது மூலையில் தொடங்கி, மேல் வரிசையில் மூன்றாவது புள்ளியைத் தாண்டி, நான்காவது புள்ளி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு அதுவரை போங்கள்” என்பது. அங்கே நின்றதும் அடுத்த வழி கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து சாய்வாகக் கீழே இறங்கினால் நடு வரிசையின் கடைசிப் புள்ளியும் கீழ் வரிசையின் நடுப் புள்ளியும் வழியில் வரும். அதே சாய்வில் இடது ஓரத்துக்குக் கீழே வரை போய், நேராக மேலே ஏறித் தொடங்கிய புள்ளிக்கு வந்து, அங்கிருந்து குறுக்காக எதிர் மூலைக்கு இறங்கினால் முடிந்தது. ஒன்பதும் வந்துவிட்டன.

“வேறு விதமாக யோசி” என்று சொல்வதும் அப்படித்தான். பாவம், அவர் அதற்குத்தானே முயன்றுகொண்டிருக்கிறார்! அந்த வாக்கியத்தை ஒருவரும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு மாணவர்: மூடிய அறைக்குள் ஒரு பல்பு, வெளியே மூன்று சுவிட்ச், ஒரே ஒரு முறை உள்ளே போய் எது அதன் சுவிட்ச் என்று சொல்ல வேண்டும். ஒன்றைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு அணைத்து, இரண்டாவதைப் போட்டு உள்ளே போய்ப் பல்பைத் தொட்டுப் பார்ப்பதுதான் விடை. என் தம்பி, “எல்.ஈ.டி. பல்பு சுடாதே” என்கிறான்.

உங்கள் தம்பி சொல்வது நியாயம். மஞ்சள் வெளிச்சம் தரும் பழைய குண்டு பல்பு, உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே விடும். அணைத்த பிறகும் கை வைக்க முடியாது. எல்.ஈ.டி.யில் சூடு குறைவு, அதுவும் அடிப்பாகத்தில்தான் தெரியும். ஆகவே ‘குண்டு பல்பு’ என்று சொல்லியே புதிரைப் போடுங்கள். துப்பு வெளியாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட தலைமுறைக்கும் அது சட்டென்று தோன்றுவதில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு ஆசிரியை: புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் ஒவ்வொன்றாக அக்கரைக்குக் கொண்டுபோகும் புதிர் நம் ஊருடையதா? வகுப்பில் போடும்போது பாதிப் பிள்ளைகள் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

எழுத்தில் கிடைப்பவற்றில் மிகப் பழையது ஐரோப்பாவில், சுமார் கி.பி. 800-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் யார்க் நகரத்து அறிஞர் அல்குயின் பெயரால் வழங்கும் லத்தீன் தொகுப்பில் இருக்கிறது. அங்கே ஓநாய், ஆடு, முட்டைக்கோசு. நம்மிடம் ஓநாய் புலியாகி, முட்டைக்கோசு புல்லுக்கட்டாகிவிட்டது.

பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விடுவார்கள். அடுத்துப் புலி. அங்கே புலியும் ஆடும் ஒன்றாகிவிடுமே என்று திகைப்பார்கள். புலியை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஆட்டை மறுபடி இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். கரை சேர்த்ததைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் மனம் வராது. நின்றுபோகும் இடம் அது ஒன்றே. அப்புறம் ஆட்டை இங்கே விட்டுப் புல்லுக்கட்டு, கடைசியில் ஆடு. மொத்தம் ஏழு முறை ஆறு கடக்க வேண்டும். வகுப்பில் மூன்று பிள்ளைகளைப் புலி, ஆடு, புல்லுக்கட்டாக நிற்கவைத்து, சாக்பீஸால் ஆறு வரைந்து விளையாடவிடுங்கள். ஆடாக நிற்கிற பிள்ளையே “என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போ” என்று கத்தும்!

சென்னையிலிருந்து ஒரு வாசகி: பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் புதிர் போட்டால் ஒருத்தி அடுத்த நிமிடமே இணையத்தில் தேடி விடையைப் போட்டுவிடுகிறாள். மற்றவர்களுக்கு ஆட்டமே இல்லாமல் போகிறது.

விடையைக் குழுவில் போடக் கூடாது, புதிர் போட்டவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சரியாக அனுப்பியவர் குழுவில் ஒரு பூ மட்டும் போடட்டும். இரவு எட்டு மணி வரை நேரம். அடுத்து, அந்தத் தோழியையே புதிர் தேடிக் கொண்டுவரும் பொறுப்பில் வையுங்கள். தேடுவதில் அவளுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கிறதே, அது எல்லோருக்கும் பயன்படட்டும். ஊர், பெயர், பொருளை மாற்றிப் போட்டால் தேடினாலும் லேசில் கிடைக்காது.

நாகர்கோவிலிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவன்: நானே ஒரு விடுகதை செய்தேன். ‘போனால் எல்லாரும் என்னைப் பற்றிப் பேசுவார்கள், வந்தால் மறந்துவிடுவார்கள். நான் யார்?’ விடை கரண்ட். ஆனால் என் நண்பன் தலைவலி என்கிறான், இன்னொருவன் மழை என்கிறான். என் விடுகதை நல்லா இல்லையா?

ரொம்ப நல்லா இருக்கு தம்பி. முதல் தடவை படித்ததும் எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. வந்ததும் சத்தமாகச் சிரித்தேன். இவ்வளவு சின்னதாக எழுத வருவது பெரிய விஷயம்.

இப்போது உன் நண்பர்கள் சொன்னதை ஒட்டிப் பார்ப்போம். தலைவலி வந்தால்தான் பேசுவோம், போனால் மறந்துவிடுவோம். நீ சொன்னதற்கு நேர் தலைகீழ், அதனால் சேரவில்லை. மழை பாதி சேர்கிறது: பெய்யாமல் போனால் பேசுகிறோம். ஆனால் வந்தாலும் பேசுகிறோம், மறப்பதில்லை. இதை அவனிடம் நீயே பொறுமையாகச் சொல். அவன் மழை என்றதால்தான் உன் விடுகதையில் ஒரு சுவர் கொஞ்சம் தாழ்வாக இருப்பது தெரிந்தது.

அதை உயர்த்த ஒரு அடி சேர்க்கலாம். கரண்ட் வந்ததும் என்ன நடக்கும்? தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் “ஏய்!” என்று சத்தம் வரும், இல்லையா? ‘வரும்போது தெருவே ஒரு குரலில் கத்தும், அடுத்த நிமிடம் என்னை மறந்துவிடும், போனால்தான் நாள் முழுக்க என் பேச்சு’. இப்படி மாற்றினால் மழை உள்ளே வர முடியாது. இதைவிட நல்ல அடி உனக்கே தோன்றினால் என்னுடையதை விட்டுவிடு. நாளைக்கு மத்தியானம் சாப்பிடும்போது நண்பர்களிடம் போட்டுப் பார். கேட்டதும் உடனே விடையைச் சொல்லிவிடாதே. மணி அடித்தாலும் சொல்லாதே. அவர்கள் என்னென்ன விடை சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. அடுத்த இதழில் அதைப் போட இடம் வைத்திருக்கிறேன்.